ஒருவர் கட்டினார், ஊர் காத்தது!

நெல்லை சுலோசன முதலியார் பாலத்தின் கதை

திருநெல்வேலி டவுணில் பஸ் ஏறுகிறவர் கொஞ்ச நேரத்தில் பாளையங்கோட்டையில் இறங்கி விடுகிறார். வழியில் ரயில் பாதைக்கு மேலே ஈரடுக்குப் பாலம். அதைத் தாண்டினால் ஜங்ஷன். ஜங்ஷனைத் தாண்டியதும் தாமிரபரணி ஆறு. ஆற்றின் மேல் ஒரு பழைய பாலம். பஸ் அதன்மேல் ஏறி அக்கரையில் இறங்குகிறது.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் பாட்டி, கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துப் போகும் விவசாயி, ரத வீதியில் ஜவுளி வாங்கித் திரும்பும் குடும்பம் என்று எத்தனையோ பேர் தினமும் அந்தப் பாலத்தின் வழியே போகிறார்கள், வருகிறார்கள். பாலத்தைக் கடக்க யாரும் காசு கேட்பதில்லை. இதைக் கட்டப் பணம் கொடுத்தது யார் என்றும் பலர் கேட்பதில்லை.

சர்க்கார் கட்டியிருக்கும் என்றுதான் நினைப்பார்கள். அது சரியல்ல. 1843ஆம் ஆண்டு ஒரு தனி மனிதர் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் இது. அவர் பெயர் சுலோசன முதலியார். அவர் பெயராலேயே பாலமும் அழைக்கப்படுகிறது.

இரண்டு ஊர், நடுவே ஆறு

நெல்லையும் பாளையங்கோட்டையும் இரட்டை நகரங்கள். ஆனால் இரட்டையருக்கு நடுவே ஆறு ஓடுகிறது. ஒரு கரையில் நெல்லையப்பர் கோயில், கடைவீதி, வியாபாரம். மறு கரையில் கொக்கிரகுளத்தில் கலெக்டர் கச்சேரி. அதைத் தாண்டிப் பாளையங்கோட்டையில் கம்பெனிப் பட்டாளம் இருந்த கோட்டை. வீடு ஒரு கரையில், வேலை மறு கரையில் என்று பலர் வாழ்ந்தார்கள்.

தாமிரபரணி வற்றாத ஆறு என்று பெயர் பெற்றது. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. மலையில் தென்மேற்குப் பருவ மழையும் பெய்யும், வடகிழக்குப் பருவ மழையும் பெய்யும். ஆகவே ஆற்றைக் காலால் கடக்க முடியாத மாதங்களே அதிகம்.

அந்தக் காலத்தில் ஆற்றைக் கடக்கத் தோணிதான் வழி. தோணிக்காகக் கரையில் கூட்டம் காத்து நிற்கும். வெள்ளம் வந்தால் தோணியும் கிடையாது. அக்கரையில் இருப்பவர் அக்கரையிலேயே தங்க வேண்டியதுதான். பிரசவ வேதனைப்படும் பெண்ணானாலும் சரி, வாய்தாவுக்குப் போகிறவரானாலும் சரி, ஆறு யாருக்கும் வழி விடாது.

தோணித்துறையில் கலகம்

தோணித்துறையில் அடிக்கடி தகராறு நடக்கும். யார் முதலில் ஏறுவது என்று வாய்ச் சண்டையில் தொடங்கி, அது கைகலப்பில் முடியும். ஒரு தடவை அது பெரும் கலகமாகி உயிர்ச் சேதமும் நடந்து விட்டதென்று நெல்லையில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இனியும் தோணியை நம்பி இருக்கக் கூடாது, ஆற்றுக்கு ஒரு பாலம் வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு வலுத்தது.

அப்போது நாட்டை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. நெல்லைக்கு ரயில் வரவில்லை. அது வந்தது 1876ஆம் ஆண்டில்தான். நகராட்சியும் கிடையாது. நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நகராட்சிகள் ஏற்பட்டது 1866ஆம் ஆண்டில். ஆகவே ஊருக்கு ஒரு வசதி வேண்டும் என்றால் ஜனங்கள் கலெக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

1840ஆம் ஆண்டு பாலத்துக்கான யோசனை உருவாயிற்று. கலெக்டர் தாம்சன் இதில் அக்கறை காட்டினார். காப்டன் ஃபேபர் என்பவர் பாலத்தின் வரைபடத்தைத் தயாரித்தார். கட்டும் வேலையை மேற்பார்வை பார்க்க ஹார்ஸ்லி என்ற இஞ்சினீயர் இருந்தார். எல்லாம் சரிதான். செலவு எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ரூபாய் 50 ஆயிரம் என்று வந்தது!

அந்தக் காலத்தில் அது மலைப்பான தொகை. கம்பெனியின் கஜானாவிலிருந்து அவ்வளவு பணம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊரில் வசூல் செய்யலாம் என்று யோசித்தார்கள். ஆனால் அன்றாடம் தோணிக்குக் காசு கொடுக்கவே சிரமப்பட்ட ஜனங்கள் அரை லட்சத்துக்கு எங்கே போவார்கள்?

சிரஸ்தார் செய்த முடிவு

கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர் சுலோசன முதலியார். சிரஸ்தார் என்பது அந்தக் கச்சேரியில் ஓர் இந்தியர் வகிக்கக் கூடிய பெரிய பதவி. வரிக் கணக்கு முதல் ஊர் வழக்கு வரை எல்லாக் காகிதமும் அவர் கை வழியாகப் போகும். ஜனங்களின் கஷ்டம் அவருக்குத் தெரியும். அவர்களிடம் எவ்வளவு பணம் தேறும் என்பதும் தெரியும்.

“ஊரில் வசூல் செய்து இந்தப் பாலம் முடியாது” என்று அவர் மனம் சொல்லியிருக்க வேண்டும். முழுச் செலவையும் தாமே ஏற்பதென்று முடிவு செய்தார்.

வீட்டில் அவர் கவலையோடு உட்கார்ந்திருந்ததைக் கண்ட மனைவி, தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்து, “இதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்” என்று சொன்னதாக ஒரு கதை நெல்லையில் உண்டு. பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை அது. ஏட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த அம்மாளின் சம்மதம் இல்லாமல் குடும்பச் சொத்தை ஆற்றில் கொட்டியிருக்க முடியாது என்பது நிச்சயம்!

அவர் கொடுத்தது பணம். கம்பெனி அரசாங்கம் கொடுத்தது இஞ்சினீயர், வரைபடம், மேற்பார்வை. சிறைக் கைதிகளையும் வேலைக்கு அனுப்பியதாகச் சொல்கிறார்கள். இப்படி அரசாங்கமும் தனியாரும் ஆளுக்கொரு தோள் கொடுத்து வேலை தொடங்கியது. இந்தக் காலத்தில் “அரசு - தனியார் கூட்டு முயற்சி” என்று பெரிய பெயரில் சொல்கிறார்களே, அதைத்தான் நெல்லை 180 ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்து விட்டது.

11 கண் பாலம்

பாலத்துக்கு 11 கண்கள். ஒவ்வொரு கண்ணும் 60 அடி அகலம். கண்களை மட்டும் கூட்டினாலே 660 அடி ஆகிறது. தூண்களின் கனம் வேறு. அந்தத் தூண்களை இரட்டை இரட்டையாக அலங்காரத் தூண்கள் அணி செய்தன.

கண் என்பது வில்லைப் போல் வளைத்துக் கட்டும் கட்டுமானம். அக்காலத்தில் ஆற்றுப் பாலத்துக்கு இப்போது போல் இரும்புக் கம்பியும் சிமெண்டுக் கலவையும் கிடையாது. கல்லையும் செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்து வைத்து வளைவாக அடுக்குவார்கள். முதலில் அடியில் மரச் சாரம் கட்டி, அதன் மேல் இரு பக்கத்திலிருந்தும் அடுக்கிக்கொண்டே வந்து, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கி வைப்பார்கள். பிறகு சாரத்தை எடுத்து விட்டாலும் வளைவு விழாது. மேலே பாரம் ஏற ஏற ஒரு கல் மற்றொரு கல்லை நெருக்கிப் பிடித்துக் கொள்ளும். பாரம் முழுவதும் இரு பக்கத் தூண்களுக்கும் போய்ச் சேரும். தூண் அசையாதவரை வளைவும் அசையாது.

வேலை முடிந்து 1843 நவம்பர் 27ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. வண்டியும் மாடும் மனிதரும் ஆற்றின் மேல் நடந்து போனார்கள். ஏழை பணக்காரன் என்ற வித்தியாசம் இல்லை. முதலில் ஏறுவது யார் என்ற சண்டையும் இல்லை. யாருக்கும் கட்டணமும் இல்லை. பாலத்தைக் கட்டியவர் பெயர் பொறித்த கல்லும் நாட்டப்பட்டது.

லண்டன் பாலத்தின் கதை வேறு

நெல்லைப் பாலத்துக்கு மாதிரியாக இருந்தது லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் மேல் இருந்த வாட்டர்லூ பாலம் என்று சொல்வார்கள். அந்தப் பாலமும் தனியார் பணத்தில் கட்டியதுதான். ஆனால் கதை வேறு.

லண்டனில் ஒரு கம்பெனி பங்குகளை விற்றுப் பணம் திரட்டிப் பாலத்தைக் கட்டியது. 1817ஆம் ஆண்டு திறப்பு விழா நடந்தது. போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் அல்லவா? நடந்து போகிறவரிடம் ஒரு பென்னி வீதம் சுங்கம் வசூலித்தார்கள். பக்கத்தில் காசில்லாமல் போகக் கூடிய வேறு பாலங்கள் இருந்தன. ஜனங்கள் சுற்றிக்கொண்டு அந்த வழியே போனார்கள். அழகான பாலம் ஆள் நடமாட்டம் குறைந்து கிடந்தது. பங்கு வாங்கியவர்களுக்கு எதிர்பார்த்த லாபம் வரவில்லை. கடைசியில் 1878ஆம் ஆண்டு லண்டன் நகரப் பொது நிர்வாகம் அந்தப் பாலத்தை விலைக்கு வாங்கி, சுங்கத்தை எடுத்து விட்டது.

அந்தப் பழைய வாட்டர்லூ பாலம் இப்போது இல்லை. தூண்கள் ஆற்றில் இறங்கத் தொடங்கியதால் 1930களில் அதை இடித்து விட்டு வேறு பாலம் கட்டினார்கள். மாதிரி போய் விட்டது. அதைப் பார்த்துக் கட்டிய நெல்லைப் பாலம் நிற்கிறது!

தனியார் பணம் போடுவதில் குற்றம் இல்லை. லாபம் பார்ப்பதிலும் குற்றம் இல்லை. அந்தப் பணம் யாரிடமிருந்து, எவ்வளவு, எத்தனை நாள் திரும்ப வர வேண்டும் என்பதை முதலிலேயே தீர்க்கமாகப் பேசிக்கொள்ள வேண்டும். கணக்குத் தவறினால் ஜனங்கள் சுற்றுப் பாதையில் போய் விடுவார்கள் என்பதுதான் லண்டன் பாலம் சொல்லும் பாடம்.

வெள்ளம் வைத்த பரீட்சை

நெல்லைப் பாலத்துக்கும் ஒரு பரீட்சை வந்தது. 1869ஆம் ஆண்டு தாமிரபரணியில் பெருவெள்ளம். மலையிலிருந்து மரங்களை உருட்டிக்கொண்டு வந்த வெள்ளம் பாலத்தை மோதியது. பாலத்தின் ஒரு பகுதி உடைந்து போயிற்று.

இப்போது யார் பொறுப்பு? தானம் செய்தவர் ஒரு தடவை செய்து விட்டார். மறுபடியும் அவர் குடும்பத்தின் வாசலில் போய் நிற்பது நியாயமா? “அவர் கட்டியது, அவரே பார்த்துக் கொள்ளட்டும்” என்று ஊர் இருந்திருந்தால் நெல்லை மறுபடியும் தோணித்துறைக்கே திரும்பியிருக்கும்.

ஆனால் ஊர் அப்படி இருக்கவில்லை. கலெக்டர் பக்கிள் துரை காலத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். உடைந்த பகுதியை எடுத்துக் கட்டி, 1871ஆம் ஆண்டு பாலத்தைச் சீராக்கினார்கள்.

முதல் தடவை ஒருவர் கொடுத்தார். இரண்டாம் தடவை ஊரே கொடுத்தது. 1843ல் “சுலோசன முதலியாரின் பாலம்” என்று இருந்தது, 1871ல் “நம்ம பாலம்” ஆயிற்று. இன்று வரை அது நிற்பதற்கு முதல் கொடையைப் போலவே இரண்டாவது வசூலும் காரணம்.

அதற்குப் பிறகு மாட்டு வண்டி போய் மோட்டார் வந்தது. பாலத்தின் அகலம் போதவில்லை. 1970ஆம் ஆண்டு வாக்கில் அரசாங்கம் அதை அகலப்படுத்தியது. 1992 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அதைவிடவும் கொடிய மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரை புரண்டது. குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் சூழ்ந்தது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், பழைய பாலம் நின்ற இடத்திலேயே நின்றது.

பாலத்தின் அடியில்

பாலத்தின் மேலே நிலைமை சரி. அடியில் ஓடும் ஆற்றின் நிலைமை என்ன?

நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் நான்கும் சேர்ந்து 1994ஆம் ஆண்டு மாநகராட்சி ஆயிற்று. ஜனங்கள் பெருகினார்கள். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் வந்தது. தாமிரபரணியிலிருந்து வீட்டுக்குள் வந்த நல்ல தண்ணீர், அழுக்குத் தண்ணீராகி வெளியே போக வேண்டும் அல்லவா? பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் அது வாய்க்காலில் விழுந்து, வாய்க்கால் வழியே ஆற்றுக்கே திரும்பியது. நெல்லை, தூத்துக்குடி இரு மாவட்டத்து ஜனங்களும் குடிக்கும் ஆறு இது. சாக்கடை கலப்பது பற்றிய வழக்கில் 2024ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் ஆற்றங்கரைக்கே நேரில் வந்து பார்வையிட்டார்கள்.

இது தனி ஒருவர் பணம் கொடுத்துத் தீர்க்கும் காரியம் அல்ல. பாலம் ஓர் இடத்தில் இருக்கும். சாக்கடைக் குழாய் ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போக வேண்டும். ஒரு வீடு இணைப்பு எடுக்காவிட்டாலும் அந்த வீட்டு அழுக்கு ஆற்றைத் தேடிப் போகும். இங்கே ஆயிரக்கணக்கான சுலோசன முதலியார்கள் வேண்டும்!

ஆலந்தூர் காட்டிய வழி

அப்படி ஆயிரக்கணக்கானவர்கள் ஓர் ஊரில் கிடைத்தார்கள். அது சென்னையை ஒட்டிய ஆலந்தூர். அப்போது தனி நகராட்சி. 2011ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஜனத்தொகை சுமார் ஒன்றரை லட்சம். ஆனால் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் தொட்டி. கொசுத் தொல்லை சொல்லி முடியாது.

1990களின் கடைசியில் நகராட்சித் தலைவராக இருந்த ஆர். எஸ். பாரதியும் அதிகாரிகளும் தெருத் தெருவாகக் கூட்டம் போட்டார்கள். “வீட்டுக்கு 5 ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டுங்கள், கடைகளுக்கு 10 ஆயிரம்” என்று கேட்டார்கள். பணம் கொடுத்தால் வேலை நடக்குமா, பணம் எங்காவது போய் விடுமா என்று ஜனங்கள் சந்தேகப்பட்டது இயற்கை. வசூலான பணத்தைத் தனிக் கணக்கில் வைத்தார்கள். மொத்தமாகக் கட்ட முடியாத ஏழைகளுக்குத் தவணை கொடுத்தார்கள். குழாய் பதிக்கத் தொடங்கும் முன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டி விட்டன!

திட்டத்தின் செலவு சுமார் 34 கோடி ரூபாய். ஜனங்கள் கட்டிய பணம் ஒரு பங்கு. அரசு நிறுவனங்கள் கொடுத்த கடனும் மானியமும் பெரும் பங்கு. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தைத் தனியார் தம் பணத்தைப் போட்டுக் கட்டினார்கள். சில ஆண்டுகள் அவர்களே நடத்தி, சுத்தம் செய்யும் தண்ணீரின் அளவுக்கு ஏற்ப நகராட்சியிடம் பணம் பெற்றுக்கொண்டு, பிறகு நிலையத்தை நகராட்சியிடம் ஒப்படைப்பது என்று ஏற்பாடு. 2000ஆம் ஆண்டு தொடங்கிய வேலையில் 2003ஆம் ஆண்டு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது.

இதைச் சாதித்தது பணம் மட்டும் அல்ல. ஐயாயிரம் ரூபாய் கட்டிய குடும்பத் தலைவி, “என் பணம் என்ன ஆயிற்று? குழாய் எப்போது வரும்?” என்று கேட்கத் தொடங்கினார். கேட்பவர் இருக்கிற இடத்தில் வேலை தூங்காது.

யார் எதைத் தர வேண்டும்?

தமிழ்நாட்டில் “நமக்கு நாமே” என்ற திட்டம் இருக்கிறது. 1997-98ல் தொடங்கியது. இடையில் நின்று 2021-22ல் மீண்டும் உயிர் பெற்றது. பூங்கா, பள்ளிக் கட்டடம் போன்ற வேலைகளுக்குப் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும். குளம், வாய்க்கால் போன்ற நீர்நிலைகளைச் சீர் செய்யப் பாதிப் பங்கு தர வேண்டும். தெருக்காரர்கள் சேர்ந்தும் தரலாம். வியாபாரிகள் சங்கமும் தரலாம். ஊரை விட்டுப் போய்ச் சம்பாதிக்கும் பிள்ளைகளும் தரலாம்.

2017ஆம் ஆண்டு நெல்லை “ஸ்மார்ட் சிட்டி” பட்டியலில் இடம் பெற்றது. மத்திய அரசும் மாநில அரசும் பணம் போட்டன. அந்தத் திட்டக் காலம் 2025 மார்ச்சில் முடிந்து விட்டது. கட்டியவை நிற்கின்றன. இனி அவற்றைக் காப்பது யார்? 1869ல் ஆற்று வெள்ளம் கேட்ட அதே கேள்விதான்.

பணம் உள்ளவர் பணம் தரலாம். தொழில் தெரிந்த கம்பெனி தன் திறமையைத் தரலாம், அதற்கு நியாயமான கூலியும் பெறலாம். அரசாங்கம் இடமும் மேற்பார்வையும் தந்து, ஏழை வீட்டை விட்டு விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஊருக்குப் படித்துக் காட்ட வேண்டும். குடும்பங்கள் தர வேண்டியது ஒன்று உண்டு. வீட்டு அழுக்குத் தண்ணீரை வாய்க்காலில் விடாமல் குழாயில் விடுவது, தெருக் குழாய் அடைத்தால் சும்மா இராமல் உடனே சொல்வது, கட்ட வேண்டிய வரியைக் காலத்தில் கட்டுவது. வெள்ளித் தட்டில் பொற்காசு வைத்துக் கொடுப்பதற்கு இது குறைந்ததல்ல.

ஆண்டுதோறும் நவம்பர் 27ஆம் தேதி வந்தால் நெல்லையில் அன்பர்கள் சிலர் பாலத்தின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள். பாலத்துக்காக வாரிக் கொடுத்தவரை நினைத்துக் கொள்கிறார்கள். நல்ல வழக்கம். அன்றைக்குப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று, பிள்ளைகளுக்கு அந்த 11 கண்களையும் எண்ணிக் காட்டலாம். அப்படியே குனிந்து, கண்களுக்கு அடியில் ஓடும் தண்ணீரையும் காட்டலாம். தெளிந்து ஓடுகிறதா, கலங்கி ஓடுகிறதா என்று பிள்ளைகளே சொல்லி விடுவார்கள்.